அண்ணனை எதுவும் செய்யவிடாத நாட்கள்

அண்ணன் பட்டாளத்திலிருந்து மொத்தமாகத் திரும்பி வந்த புதிதில், ஒரு துரும்பைக்கூட நகர்த்த நாங்கள் அவரை விடவில்லை. பையைத் தூக்கப் போனால் பிடுங்கிக்கொள்வோம். பல்பு மாற்ற ஸ்டூலை இழுத்தால், "நீங்க உட்காருங்கண்ணா, நான் பார்த்துக்கறேன்" என்று ஓடிவருவேன். பதினோரு வருஷம் பட்ட பாடு போதும், கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருந்தோம். அவரும் உட்கார்ந்தார். ஆறு மாதம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பட்டாளத்திலிருந்து திரும்பியவரைப் பற்றி இன்று என்னிடம் இதே கவலையோடு பேச வரும் குடும்பங்களிடம் நான் முதலில் கேட்பது, "வீட்டில் அவர் என்ன வேலை செய்கிறார்?" என்றுதான். பெரும்பாலும் பெருமையாக ஒரே பதில் வரும்: "ஒண்ணுமே செய்யவிடறதில்லைங்க." அந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் வீட்டு நாற்காலி ஞாபகம் வந்துவிடும்.

அவர் பட்டாளத்தில் டிரைவர். முன்னணியில் இருக்கிற படைகளுக்கு எரிபொருளும் தண்ணீரும் கொண்டுபோகும் கான்வாயில் லாரி ஓட்டினார். "துப்பாக்கி பிடிச்சவரு இல்லையே, வண்டிதானே ஓட்டினாரு" என்று உறவுக்காரர் ஒருவர் என் காதுபடவே சொன்னார். சாலையோரம் புதைத்து வைக்கும் வெடிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. முன்னால் போன வண்டி சிதறியதை அவர் இரண்டு முறை கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார். இதை அவர் வாயால் நான் கேட்க மூன்று வருஷம் ஆனது.

வந்த சில வாரங்களில் ஒரு நாள் என்னைக் காரில் கூட்டிக்கொண்டு போனார். நட்டநடு ரோட்டில்தான் ஓட்டினார். ஓரத்தில் கிடந்த குப்பைப் பையைப் பார்த்ததும் ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடித்தார். மேம்பாலத்துக்குக் கீழே போகும்போது வேகம் கூடியது. சிக்னலில் முன் வண்டிக்கும் எங்களுக்கும் நடுவே இன்னொரு கார் நுழையும் அளவுக்கு இடம் விட்டே நின்றார். அவசரமென்றால் ஒடித்து வெளியேற அந்த இடம் வேண்டும். பின்னால் ஹாரன் அடித்தார்கள். எனக்குப் பயம், கத்திவிட்டேன். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டிவந்து, சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. நாங்களும் "நல்லதாப் போச்சு" என்று நிம்மதியாக இருந்துவிட்டோம். அவருக்கு உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த ஒரு வேலையை அன்று அவர் கையிலிருந்து வாங்கிவைத்துவிட்டோம் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

அவர் ஓட்டியதில் தப்பு எதுவும் இல்லை, ஓட்டிய இடம்தான் மாறிவிட்டது என்று பிற்பாடு ஒரு உளவியலாளர் எனக்கு விளக்கினார். அந்தப் பழக்கங்கள்தான் அவரை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தன. உடம்பு உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடத்தை "இனி தேவையில்லை" என்ற ஒரு வார்த்தையில் கீழே போட்டுவிடாது. இரண்டாம் உலகப்போர் முடிந்து கப்பலில் திரும்பியவர்களுக்கு வாரக்கணக்கில் நேரம் கிடைத்தது, அதே போரைப் பார்த்த நண்பர்களும் பக்கத்தில் இருந்தார்கள். இப்போது விமானம் ஏறினால் ஓரிரு நாளில் வீட்டு வாசல். ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய தன் வீரர்களை பிரிட்டன் ஓரிரு நாள் சைப்ரஸில் தங்கவைத்துத்தான் வீட்டுக்கு அனுப்பியது. அந்த இடைவெளி அவ்வளவு முக்கியம். அண்ணனுக்கு அது கிடைக்கவில்லை.

வந்ததிலிருந்தே அண்ணிக்கும் அவருக்கும் சரியாக இல்லை. மூன்றாம் மாதம் ஒரு சண்டைக்குப் பிறகு என் வீட்டு ஹாலில் வந்து படுத்துக்கொண்டார். இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, நடுராத்திரி அவர் முனகுவது கேட்டு எழுந்து போனேன். போர்வை கீழே கிடந்தது. பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கெட்ட கனவு, எழுப்பிவிடலாம் என்று குனிந்து தோளைத் தொட்டேன். அடுத்த நொடி என் மணிக்கட்டு அவர் பிடியில் இருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் அவர் பார்த்தது என்னை இல்லை. "அண்ணா, நான்தான்... நான்தான்" என்று எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. பிடி தளர்ந்தது. விளக்கைப் போட்டதும் என் கையில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருப்பதைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்து, தன் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அழுதார். நாற்பது வயது மனிதர், சின்னப் பிள்ளை தப்பு செய்துவிட்டு மறைப்பதுபோல.

இதை வெளியே சொல்லவே எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. சொல்வதற்குக் காரணம், இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் அந்த ராத்திரி நடந்தே இருக்காது. கனவில் இருப்பவரைத் தொட்டு எழுப்பக் கூடாது. கதவருகே, கைக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொள்ள வேண்டும். விளக்கைப் போட வேண்டும். பெயரைச் சொல்லி, சாதாரணக் குரலில், "நீங்க வீட்டில இருக்கீங்க, நான் உங்க தங்கச்சி, இப்ப மணி ரெண்டு" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அவராக எழுந்து உட்காரும்வரை கிட்டே போகவே கூடாது. பகலிலும் அப்படித்தான்: பின்னாலிருந்து தோளில் தட்டாதீர்கள். அவர் சுவரில் முதுகு சாய்த்து, வாசலைப் பார்த்து உட்கார விரும்பினால் அந்த நாற்காலியை அவருக்கே விட்டுவிடுங்கள். அதில் உட்கார்ந்தால் மற்ற நேரம் அவரால் உங்களோடு பேச முடிகிறது. பட்டாசு வெடிக்கும் நாட்கள் வந்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தெரிந்து கேட்கிற சத்தமும் திடீரென்று வருகிற சத்தமும் அவர் உடம்புக்கு ஒன்றல்ல.

எங்கள் வீட்டில் எல்லோரும் அவருக்குக் கொடுத்த அறிவுரை "மறந்துடு". அம்மா அன்பாகச் சொன்னாள், மாமா அதட்டிச் சொன்னார். தூக்கம் கெட்ட அந்த ராத்திரிகளில் நான் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1871இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களின் படபடப்பைப் பற்றி டா கோஸ்டா என்ற மருத்துவர் எழுதியிருக்கிறார். அதை 'வீரனின் இதயம்' என்று அழைத்தார்கள். 1915இல் அது 'ஷெல் ஷாக்', அதாவது குண்டதிர்ச்சி, ஆனது. 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் பி.டி.எஸ்.டி., அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனப் பாதிப்பு, என்ற பெயரோடு ஏறியது. என்னை நிறுத்தியவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். முதல் உலகப்போரின்போது ஸ்காட்லாந்தில் கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் மனம் உடைந்த அதிகாரிகளைப் பார்த்த மருத்துவர். போர் நினைவுகளை மூடி வை, நினைக்காதே என்று சொல்வதே பலருக்குத் தீங்கு செய்கிறது என்று அவர் 1917இலேயே பேசியிருக்கிறார். நூறு வருஷம் கழித்து எங்கள் ஹாலில் உட்கார்ந்து அதே தப்பைச் செய்துகொண்டிருந்தோம்.

அதற்காக உட்காரவைத்துத் தோண்டவும் கூடாது. பெரிய சம்பவத்துக்குப் பிறகு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைப்பது பின்னால் வரும் பாதிப்பைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நான் கற்றது, முகத்துக்கு முகம் உட்காராமல் பக்கத்தில் உட்காருவது. காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது, நடந்துபோகும்போது பேச்சு வரும். வந்தால் "ம்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். "ஐயோ" என்று பதறினால் அவர் உங்களைக் காப்பாற்றுவதற்காகவே நிறுத்திவிடுவார். "எனக்குப் புரியுது" என்றும் சொல்லாதீர்கள். நமக்குப் புரியாது, அது அவருக்கும் தெரியும். இன்னொன்று, எத்தனை பேரைக் கொன்றாய் என்று கேட்கும் உறவினர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். அவர்களை வாசலிலேயே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். நான் கோபமாகவே சொன்னேன், அதற்காக வருத்தப்படவில்லை.

ஒரு விஷயத்தில் நாங்கள் எல்லோரும் ஏமாந்தோம். நாலு பேர் கூடினால் அண்ணன் எழுந்து போய்விடுவார். கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார், இல்லாவிட்டால் எரிந்து விழுவார். எல்லாவற்றையும் மனசின் கணக்கில் எழுதிவைத்தோம். ஒரு டாக்டர்தான் காதைப் பரிசோதிக்கச் சொன்னார். இரண்டு காதிலும் மேல் ஸ்தாயி ஒலிகள் கேட்பது நன்றாகவே குறைந்திருந்தது. சதா ஒரு ரீங்காரம் வேறு. கூட்டத்தில் யார் என்ன பேசுகிறார்கள் என்றே அவருக்குப் பிடிபடவில்லை. கேட்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு எழுந்து போயிருக்கிறார். காதுக்கு மெஷின் வைத்த பிறகு என் மகள் பாடியதை முழுசாகக் கேட்டுவிட்டு, "இவ இவ்வளவு நாளா இதையா பாடினா?" என்றார். வெடிப்புக்குப் பக்கத்தில் இருந்தவர் என்றால் காதையும் தலையையும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். வெளிக்காயம் இல்லாமலே மூளை அதிர்ந்திருக்கலாம். தலைவலி, மறதி, வெளிச்சம் கூசுவது, சட்டென்று வரும் கோபம் எல்லாம் அதிலிருந்தும் வரும்.

சிகிச்சை பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. முதலில் பார்த்த இடத்தில் ஐந்து நிமிஷத்தில் தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அண்ணன் பகலிலும் மயங்கிக் கிடந்தார். அடுத்துப் பார்த்த மனநல மருத்துவர் அதைத் திடீரென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைத்தார். போர் பாதிப்புக்கு முதலில் பரிந்துரைக்க வேண்டியது குறிப்பிட்ட சில பேச்சுச் சிகிச்சைகளைத்தான் என்று விளக்கினார். 2023இல் வந்த அமெரிக்க முன்னாள் படையினர் துறை, பாதுகாப்புத் துறை இரண்டின் கூட்டு வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் பென்சோடயஸபின் வகை மாத்திரைகளை இதற்குக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் செர்ட்ரலின் போன்ற மாத்திரைகள் சிலருக்கு உதவுகின்றன, அது மருத்துவரோடு பேசி முடிவு செய்வது.

அண்ணனுக்குப் பொருந்தியது எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் உருவாக்கிய 'ப்ரொலாங்டு எக்ஸ்போஷர்'. பொதுவாக எட்டிலிருந்து பதினைந்து அமர்வுகள். எதைத் தவிர்க்கிறோமோ அதைப் பாதுகாப்பான சூழலில், சின்னப் படியிலிருந்து ஆரம்பித்து, பயம் தானாகத் தணியும்வரை விலகாமல் சந்திப்பது. நடந்ததைக் கண்ணை மூடி வாய்விட்டுச் சொல்வதும் அதில் உண்டு. பட்ரீசியா ரெசிக் என்ற உளவியலாளரின் முறை வேறு மாதிரி, "என்னாலதான் அவன் செத்தான்" என்பது போன்ற முடிவுகளை எழுதிவைத்து ஒவ்வொன்றாக விசாரிப்பது. சுமார் பன்னிரண்டு அமர்வுகள். குற்றவுணர்ச்சி அதிகம் இருக்கிறவர்களுக்கு அது நன்றாக உதவுவதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது அமர்வோடு அண்ணன் நின்றுவிட்டார். நினைவுகளைத் தொட ஆரம்பித்ததும் கனவுகள் கூடின, "இதுக்குப் போகாமலே நல்லா இருந்தேன்" என்றார். அந்த நேரத்தில் நான் வற்புறுத்தினேன், அழுதேன், எதுவும் எடுபடவில்லை. ஆரம்பத்தில் கொஞ்சம் கூடிவிட்டுத்தான் குறையும் என்று எனக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் அவரைத் தயார் செய்திருப்பேன். ஐந்து மாதம் கழித்து அவரை மறுபடி கூட்டிக்கொண்டு போனது நான் இல்லை, அவரோடு வண்டி ஓட்டிய ஒரு நண்பர். அவரும் அதே சிகிச்சையை முடித்தவர். "எட்டாவது தடவை போகும்போது மாறிச்சுடா" என்று ஒரே ஒரு வரி சொன்னார். நான் சொன்ன நூறு வரியால் ஆகாதது அதில் ஆனது. அங்கே இருந்த ஒருவரைக் கண்டுபிடியுங்கள். பழைய யூனிட் ஆட்களின் போன் நம்பரைத் தேடி எடுத்துக் கொடுப்பது ஒரு குடும்பம் செய்யக்கூடிய பெரிய உதவி. அமெரிக்காவில் 1979இல் முன்னாள் படையினருக்கான ஆலோசனை மையங்களான வெட் சென்டர்களைத் தொடங்கியபோது, போரைப் பார்த்தவர்களே அங்கே உட்கார்ந்து பேசியதுதான் பலரை உள்ளே வரவைத்தது.

அந்த ஐந்து மாத இடைவெளியில்தான் குடியும் கூடியது. தூக்கத்துக்காக என்று ஆரம்பித்தது. குடித்துவிட்டுத் தூங்கினால் பின்ராத்திரித் தூக்கம் இன்னும் கெடும், கனவு இன்னும் மோசமாகும். அது தெரிந்தும் கை போகும். ஒருநாள், "நான் இல்லைன்னா உங்க எல்லாருக்கும் நிம்மதி" என்றார். எனக்கு வயிறு கலங்கியது. பேச்சை மாற்றத்தான் நாக்கு வந்தது. ஆனால் நேராகவே கேட்டேன்: "அண்ணா, சாகணும்னு நினைக்கறீங்களா?" ரொம்ப நேரம் கழித்து, "சில நாள்" என்றார். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, உள்ளே அடைத்துக்கொண்டிருப்பவருக்குக் கேட்பது ஒரு கதவு. அன்று ராத்திரியே வீட்டில் ஆபத்தானவற்றையெல்லாம் அவரிடம் சொல்லிவிட்டே எடுத்து வேறு இடத்தில் பூட்டினேன். அவரைத் தனியாக விடவில்லை, மறுநாள் காலையில் மருத்துவரிடம் போனோம். வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இதை இன்னும் பல மடங்கு கவனிக்க வேண்டும். பட்டாளத்தை விட்ட முதல் வருஷம் ரொம்ப ஆபத்தான காலம்.

அண்ணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அண்ணன் இல்லாத வருஷங்களில் வீட்டை ஒற்றை ஆளாக நடத்தியவர் அண்ணி. பணம், பள்ளிக்கூடம், பழுது, நோய், எல்லாம். திரும்பி வந்தவர் ஒரே வாரத்தில் கட்டளை போட ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? அண்ணனுக்கோ, தான் இல்லாமல் எல்லாம் நன்றாகவே ஓடுகிறது என்பதே அடி. வேலைகளைக் காகிதத்தில் எழுதி, எது யாருடையது என்று பிரித்தபோதுதான் சண்டை குறைந்தது. அவர்கள் மகளின் பள்ளிக்கூட வேலை முழுக்க அண்ணனுக்கு என்று அண்ணிதான் எழுதினார். நான்கு மாதம் கழித்து அண்ணன் தன் வீட்டுக்குத் திரும்பிப் போனார்.

இதற்கெல்லாம் நடுவே, பெரிய மாற்றம் வந்தது என் பக்கத்து வீட்டு அம்மாவால். அவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒருமுறை போனால் நான்கு மணி நேரம். கூட்டிப்போய்க்கொண்டிருந்த மகன் வெளியூருக்கு மாற்றலாகிவிட்டார். அந்த அம்மா எங்கள் யாரையும் கேட்காமல், நேராக அண்ணனிடம் போய், "நீ டிரைவராமே. காலையில ஆறு மணிக்கு என்னைக் கொண்டுபோய் விடறியா?" என்றார். நான் பதறிப்போய், "இல்லம்மா, அவருக்கு முடியாது" என்று வாய் திறந்தேன். அந்த அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணனின் பதிலுக்காகக் காத்திருந்தார்.

சிகிச்சையில் அண்ணன் அப்போது வண்டிப் படிகளுக்கு வந்திருந்தார். நின்ற காரில் உட்காருவது, தெருவைச் சுற்றுவது, ஆளில்லாத நேரத்தில் பெரிய ரோடு. ஆறு மணி, வண்டி குறைவு. உளவியலாளரும் சரி என்றார், வழியில் இருந்த மேம்பாலத்தையும் ஒரு படியாகச் சேர்த்தார். முதல் நாள் பின் சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். மேம்பாலம் வந்ததும் அவர் கழுத்து நரம்பு புடைத்தது. அந்த அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "மெதுவாவே போப்பா, குலுங்கினா எனக்குக் கை வலிக்குது" என்றார். அவர் வேகத்தைக் குறைத்தார். பாலத்துக்கு அடியில், அதன் நிழலில், மெதுவாகப் போனோம். ரோட்டில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் பையை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டுத் தாண்டினார். மூச்சுவிடும் சத்தம் எனக்குக் கேட்டது.

மூன்றாம் வாரத்திலிருந்து நான் போகவில்லை. ஆறு மணிக்குப் போக வேண்டும் என்பதால் அவர் முன்ராத்திரியே படுத்தார். நிச்சயமான ஒரு நேரத்தில் எழுந்தாலே பாதித் தூக்கம் சீராகும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தது அப்போதுதான் நடந்தது. குடித்துவிட்டு ஓட்ட முடியாது, அதனால் முந்தின ராத்திரி குடி நின்றது. வாரத்தில் மூன்று ராத்திரி போனால் மிச்சம் எத்தனை? அப்புறம் அதுவும் குறைந்தது. அவர் காத்திருந்த அந்த நான்கு மணி நேரத்தில் மற்ற நோயாளிகளோடு வந்தவர்களிடம் பேச ஆரம்பித்தார். அவர் எங்கே இருந்தார், என்ன பார்த்தார் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அங்கே அவர் ஒரு அம்மாவைக் கூட்டிவரும் ஆள், அவ்வளவுதான்.

வேலை தேடுவதில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். விண்ணப்பத்தில் 'டிரைவர்' என்று மட்டும் எழுதியிருந்தார். பேசிப் பார்த்தால், பன்னிரண்டு வண்டிகளின் எரிபொருள், சரக்கு, நேரம், பழுது எல்லாம் அவர் பொறுப்பில் இருந்திருக்கிறது. பட்டாளத்து வார்த்தைகளை வெளியில் புரியும் வார்த்தைகளாக மாற்றி எழுத ஒரு சாயங்காலம் ஆயிற்று. இப்போது ஒரு சரக்கு நிறுவனத்தில் வண்டிகளை அனுப்பும் பொறுப்பில் இருக்கிறார். டயாலிசிஸ் நாட்களில் தாமதமாக வருவேன் என்று சேரும்போதே பேசிக்கொண்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். வருஷத்தில் ஒரு குறிப்பிட்ட வாரம் அவர் யாரோடும் பேசமாட்டார், அது எந்த வாரம் என்று எங்களுக்குத் தெரியும். இன்றும் சுவரோர நாற்காலிதான்.

போன மாதம் அவருக்குக் காய்ச்சல். அடுத்த நாள் டயாலிசிஸ் நாள். ராத்திரி போன் பண்ணி, "நான் கூட்டிட்டுப் போறேன், நீங்க படுங்கண்ணா" என்றேன். பழைய வழக்கம் இன்னும் என்னை விடவில்லை. "வேண்டாம் பாப்பா, ஆள் சொல்லிட்டேன்" என்றார்.

காலையில் ஐந்தே முக்காலுக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பக்கத்து வீட்டு வாசலில் ஒரு கார் நின்றிருந்தது. உள்ளே இளவயசுப் பையன், ஒட்ட வெட்டிய முடி, பட்டாளத்திலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகிறதாம். இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கண் கண்ணாடிக்கும் தெருமுனைக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தது. அந்த அம்மா கதவைப் பூட்டிக்கொண்டு வந்தார். அவன் இறங்கி ஓடிப்போய்ப் பின் கதவைத் திறந்துவிட்டான். "மெதுவாவே போப்பா" என்று அவர் சொல்வது எனக்குக் கேட்டது.